அப்பத்தாவின் மாத்திரை எங்கே போகிறது?

"சர்க்கரை" என்ற சொல்லைக் கேட்டதும் நாவில் நீர் ஊறிய காலம் ஒன்று இருந்தது. இன்றோ பெரியவர்கள் கூடுமிடங்களில் "உங்களுக்குச் சர்க்கரை எத்தனை?" என்பதே நலம் விசாரிக்கும் வார்த்தையாகிவிட்டது. நாங்களும் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம், சென்ற கார்த்திகை மாதம் கொத்தமங்கலம் சென்று வரும்வரை.

அங்கே எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீடு இருக்கிறது. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் திறக்கும் செட்டிநாட்டு வீடு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு எனப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு காலத்தில் நாற்பது பேர் பந்தியில் அமர்ந்த அவ்வீட்டில் இன்று வசிப்பவர் நால்வரே. அக்கம்பக்கத்து வீடுகள் சிலவற்றில் பூட்டுத் தொங்குகிறது. பூட்டாத வீடுகளில் பெரும்பாலும் முதியவர்களே இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள்.

தோழியின் அப்பத்தாவுக்கு வயது 74. பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என வெள்ளை மாத்திரை சாப்பிட்டு வந்தார். ஒரு நாள், யாரோ கைப்பேசியில் அனுப்பிய செய்தியை அடுத்த வீட்டு ஆச்சி அவருக்குப் படித்துக் காட்டினார். சர்க்கரை மாத்திரை சிறுநீரகத்தைத் தின்றுவிடும் என்பதே அச்செய்தி. அப்பத்தா அன்றிரவே மாத்திரையை நிறுத்திவிட்டார். வீட்டில் எவரிடமும் சொல்லவில்லை. மாதந்தோறும் வாங்கிய மாத்திரைகள் அலமாரியில் சேர்ந்துகொண்டே இருந்தன.

ஏழு மாதம் கழிந்தது. கொல்லையில் நடந்தபோது நெருஞ்சி முள் ஒன்று வலக்கால் சுண்டுவிரலின் அடியில் ஏறியது. அது வலிக்கவில்லை! வலித்திருந்தால் அன்றே பிடுங்கி எறிந்திருப்பார். ஐந்தாம் நாள் வளவில் ஈரத்தடம் கண்டு, தோழிதான் அப்பத்தாவின் காலைத் தூக்கிப் பார்த்தாள். மருத்துவமனையில் எவ்வளவோ முயன்றும் அவ்விரலைக் காப்பாற்ற முடியவில்லை.

நாங்கள் அறுவர் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கச் சென்றோம். தோழி அப்பத்தாவின் விரல் நுனியில் ஒரு பொட்டு இரத்தம் எடுத்து, ஒரு சிறு பட்டையில் வைத்து, கருவியில் எண் பார்த்துக் குறித்துக்கொண்டாள். (அந்தப் பட்டையில் நடப்பது மின்வேதியியல். இரத்தத்திலுள்ள குளுக்கோசு ஒரு நொதியோடு வினைபுரிந்து எலக்ட்ரான்களைத் தருகிறது. அந்த மிகச் சிறு மின்னோட்டத்தைக் கருவி அளந்து எண்ணாகக் காட்டுகிறது. மின்வேதியியலுக்கென்றே நம் காரைக்குடியில் ஓர் ஆய்வுக்கூடம் 1953 முதல் இயங்கி வருகிறது அன்றோ? அதன் மதிலைத் தாண்டிப் பேருந்தில் எத்தனை முறை போயிருக்கிறோம்!) அப்போது அப்பத்தா எங்களைப் பார்த்துக் கேட்டார்: "நீங்கதான் படிச்ச பிள்ளைகளாச்சே ஆத்தா. அந்த மாத்திரை உள்ள போயி என்னதான் செய்யுது? கிட்னியத் திங்குதா, இல்லையா?"

எங்களால் விடை சொல்ல முடியவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் மாணவியர் அறுவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மறுநாள் வகுப்பில் எங்கள் சிஸ்டரிடம் அதே கேள்வியைக் கேட்டோம். "தெரிந்துகொண்டு வந்து ஆண்டு மலருக்கு எழுதுங்கள்" என்றார். அதனால் எழுந்ததே இக்கட்டுரை.

மருந்து என்பது உடம்பு முழுவதும் பரவி எப்படியோ நன்மை செய்யும் ஒரு சக்தி என்று நாங்கள் எண்ணியிருந்தோம். உண்மை அதுவன்று. பெரும்பாலான மருந்துகள் உயிரணுவுக்குள் ஏதேனும் ஒரு குறிப்பிட்ட மூலக்கூற்றைப் போய்த் தொடுகின்றன. பெரும்பாலும் அது ஒரு புரதமாக இருக்கும். மருந்து தொடுவதால் அதன் வேலை கூடும், அல்லது குறையும். மருந்து போய்த் தொடும் அந்த மூலக்கூற்றையே அறிவியலார் 'இலக்கு' என்கிறார்கள். விந்தை என்னவென்றால், மருந்து முதலில் கிடைத்துவிடும். அதன் இலக்கு எதுவென்று தெரியப் பல ஆண்டுகள் ஆகும். அப்பத்தாவின் மாத்திரையே அதற்குச் சான்று.

அம்மாத்திரையின் பெயர் மெட்ஃபார்மின். ஐரோப்பாவில் கலேகா என்றொரு செடி உண்டு. நாட்டு மருந்தாகப் பயன்பட்டது. அதிலுள்ள குவானிடைன் வகைப் பொருள் இரத்தச் சர்க்கரையைக் குறைப்பதைக் கண்டு, அதைப் போன்ற பொருள்களை வேதியியலார் செய்து பார்த்தனர். 1922 இல் டப்ளின் நகரில் மெட்ஃபார்மின் முதன்முதலாகத் தயாரிக்கப்பட்டது. 1957 இல் பாரிஸ் மருத்துவர் ழான் ஸ்டெர்ன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பயன் கண்டு எழுதினார். அது உள்ளே என்ன செய்கிறது என்பது ஓரளவு துலங்கியதோ 2000 ஆம் ஆண்டுக்குப் பிறகுதான். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உலகம் அம்மாத்திரையை அதன் வழி தெரியாமலே விழுங்கி வந்திருக்கிறது! அப்பத்தாவுக்கு விடை சொல்லத் தெரியாமல் நின்ற எங்களுக்கு இது சற்றே ஆறுதல் தந்தது.

மாத்திரை வயிற்றில் கரைந்து, சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு, முதலில் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரலுக்கு ஒரு வழக்கம் உண்டு. நாம் உறங்கும்போதும் பட்டினி கிடக்கும்போதும் மூளை வாடாதிருக்க அது குளுக்கோசைச் செய்து இரத்தத்தில் விடும். உணவு வந்ததும் இன்சுலின் சென்று "போதும், நிறுத்து" என்று சொல்லும், அது நிறுத்திவிடும். சர்க்கரை நோயாளியின் கல்லீரலோ இன்சுலினின் சொல்லைச் சரியாகக் கேட்பதில்லை. பந்தி முடிந்து விருந்தினர் போன பின்னும் சமையற்கட்டில் பணியாரம் சுட்டுக்கொண்டே இருந்தால் எப்படியோ அப்படி! அப்பத்தா இரவில் இரண்டே இட்லி சாப்பிட்டும் காலையில் சர்க்கரை ஏறி நிற்பதன் காரணம் இதுதான்.

மெட்ஃபார்மின் கல்லீரல் உயிரணுவுக்குள் நுழைந்து, ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்டிரியாவின் வேலையைக் கொஞ்சம் மட்டுப்படுத்துகிறது. அதனால் உயிரணுவின் கையிருப்பு ஆற்றல் சற்றே குறைகிறது. அக்குறைவை உடனே கண்டுபிடிக்க உயிரணுவுக்குள் ஒரு புரதம் இருக்கிறது. ஏ.எம்.பி.கே. என்பது அதன் பெயர். எங்கள் தோழி அதற்கு வேறொரு பெயர் வைத்தாள்: கணக்கப்பிள்ளை. பெட்டியில் பணம் குறைகிறது என்று கண்டவுடன் வீண் செலவை நிறுத்தி, "புதிதாகக் கொழுப்புச் சேர்க்காதே, புதிதாகச் சர்க்கரை செய்யாதே, இருப்பதை எடுத்து எரி" என்று கட்டளையிடுகிறார் இந்தக் கணக்கப்பிள்ளை. மெட்ஃபார்மின் அவரைத் தட்டி எழுப்புகிறது என்பது 2001 இல் தெரியவந்தது.

இதோடு கதை முடிந்துவிட்டது என்று நாங்கள் மகிழ்ந்திருந்தோம். முடியவில்லை. 2010 இல் கல்லீரலில் ஏ.எம்.பி.கே. இல்லாத எலிகளைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தார்கள். கணக்கப்பிள்ளை இல்லாத வீட்டிலும் மெட்ஃபார்மின் சர்க்கரையைக் குறைத்தது! ஆகவே அது செல்லும் வழி ஒன்றல்ல. குடலிலும் அதற்கு வேலை உண்டு என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. பாடப்புத்தகத்தில் அம்புக்குறி போட்டு ஒரே வரியில் எழுதுவது போல உடம்பு இயங்குவதில்லை என்பதை இங்கேதான் உணர்ந்தோம்.

இனி ஒரு பெரிய கேள்வி. சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, மூட்டு வலி, கண்புரை, மறதி, இதய நோய் இவையெல்லாம் அறுபதைத் தாண்டியதும் கல்யாணத்துக்கு வரும் உறவினர்போல ஒருவர்பின் ஒருவராக வருகின்றனவே, ஏன்? தனித்தனி நோய்களாக இருந்தால் ஏன் சேர்ந்தே வர வேண்டும்? இவற்றுக்கெல்லாம் பொதுவான வேர் ஏதேனும் உயிரணுவுக்குள் இருக்குமோ? அவ்வேரைத் தொடும் மருந்து கிடைத்தால் பல நோய்களை ஒருங்கே தள்ளிப்போடலாமே என்று அறிஞர்கள் தேடத் தொடங்கினார்கள்.

வழி காட்டியது ஒரு புழு. மண்ணில் வாழும், ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழு. 1993 இல் அமெரிக்காவில் சிந்தியா கென்யன் என்ற பெண் அறிவியலார், அப்புழுவின் ஒரே ஒரு மரபணுவில் மாற்றம் ஏற்பட்டால் அது இரு மடங்கு நாள் வாழ்கிறது என்று கண்டார். நாளை மட்டும் நீட்டவில்லை. முதுமையிலும் அப்புழு துடிப்பாக ஊர்ந்தது. அம்மரபணு எதை உண்டாக்குகிறது என்று 1997 இல் தெரிந்தபோது எல்லோரும் வியந்தனர். நம் உடம்பில் இன்சுலினை ஏற்கும் புரதம் இருக்கிறதே, அதன் உறவுக்காரப் புரதம் அது! முதுமைக்கும் சர்க்கரைக்கும் உயிரணுவின் ஆழத்தில் தொடர்பு உண்டு என்பது அந்தச் சிறு புழுவால் புலனாயிற்று.

அத்தொடர்பின் நடுவே கணக்கப்பிள்ளைக்கு எதிராளி ஒருவர் இருக்கிறார். பெயர் டார். உணவும் இன்சுலினும் நிறைய வரும்போது "கட்டு, கட்டு, இன்னும் கட்டு" என்று புதிய புரதங்களைக் கட்டச் சொல்லும் மேஸ்திரி அவர். பர்மாவிலிருந்து பணம் வந்த காலத்தில் நம் பகுதியில் வீடு மேல் வீடாகக் கட்டினார்களே, அது போல. வளரும் பிள்ளைகளுக்கு இந்த மேஸ்திரி மிகத் தேவை. நாங்கள் ஆறாம் வகுப்பிலிருந்து இவ்வளவு உயரம் வளர்ந்தது அவர் தயவால்தான். ஆனால் வயதான பின்னும் அவர் ஓயாமல் கட்டிக்கொண்டே இருந்தால் பழுது பார்க்கவும் குப்பை அள்ளவும் நேரமில்லாமற் போகிறது. உயிரணு தன் பழுதடைந்த பகுதிகளைத் தானே செரித்துத் துப்புரவு செய்துகொள்ளும். அம்முறையை விளக்கியதற்காகவே ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016 இல் நோபெல் பரிசு கிடைத்தது. மேஸ்திரி ஓய்ந்தால்தான் அந்தத் துப்புரவு நடக்கும். கணக்கப்பிள்ளை விழித்தால் மேஸ்திரி ஓய்வார்.

மேஸ்திரியை நேராகவே ஓயச் செய்யும் மருந்தும் உண்டு. அதன் கதையைச் சொல்லாமல் போக எங்களுக்கு மனம் வரவில்லை. 1964 இல் கனடா நாட்டுக் குழு ஒன்று பசிபிக் பெருங்கடலின் நடுவே உள்ள ஈஸ்டர் தீவுக்குச் சென்று மண் எடுத்து வந்தது. அம்மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரிலிருந்து மான்ட்ரியலில் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அப்பணியில் முதன்மையாக நின்றவர் பிரிக்கப்படாத இந்தியாவின் பஞ்சாபில் பிறந்த சுரேந்திரநாத் சேகல். தீவின் பழங்குடிப் பெயரான ராப்பா நூயி என்பதிலிருந்து 'ராப்பமைசின்' என்று பெயர் வந்தது. 1983 இல் கம்பெனி அந்த ஆய்வுக்கூடத்தை மூடிவிட்டது. சேகல் மனம் தளரவில்லை. நுண்ணுயிரைக் குப்பிகளில் அடைத்து, தம் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் உணவுப் பொருள்களோடு வைத்துப் பல ஆண்டுகள் காத்தார்! பிற்பாடு ஆய்வு மீண்டும் தொடங்கியது. 1999 இல், மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கும் மருந்தாக அது அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதற்கு முன்பே, 1991 இல், சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் மூவர் அதன் இலக்கைக் கண்டுபிடித்திருந்தார்கள். 'ராப்பமைசினின் இலக்கு' என்ற பொருளிலேயே அதற்கு டார் என்று பெயரிட்டனர். மருந்தின் பெயரால் உடம்பின் ஒரு புரதம் அழைக்கப்படுவது வேடிக்கைதானே?

2009 இல் வந்த ஆய்வு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. மனிதக் கணக்கில் ஏறத்தாழ அறுபது வயது என்று சொல்லத்தக்க எலிகளுக்கு ராப்பமைசின் கொடுத்தபோது பெண் எலிகளின் உச்ச ஆயுள் 14 விழுக்காடும் ஆண் எலிகளின் உச்ச ஆயுள் 9 விழுக்காடும் கூடின. அப்படியானால் அப்பத்தாவுக்கும் கொடுக்கலாமே என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். கூடாது. அது நோய் எதிர்ப்பைத் தணிக்கும். வாயில் புண் வரும். இரத்தக் கொழுப்பை ஏற்றும். ஆறாத புண்ணோடு இருப்பவருக்கு அது ஆகவே ஆகாது. முதுமையைத் தள்ளிப்போடுவதற்கென்று எந்த நாட்டு மருத்துவ ஆணையமும் அதை ஒப்பவில்லை.

முள் குத்தியும் ஏன் வலிக்கவில்லை என்பதற்கு வருவோம். இதற்கு எங்கள் சடையே உதவியது. நம் தோல், இரத்தக் குழாய், தசைநார் ஆகியவற்றைத் தாங்கி நிற்பது கொல்லாஜன் என்னும் புரதம். அது மூன்று இழைகளைப் பின்னிய சடை போன்றது என்று 1954 இல் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் காட்டினர். அவர்களுக்குக் கொல்லாஜன் கொடுத்து உதவியது அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். கங்காருவின் வால் நாரும் அதில் ஒன்று. சடையின்மேல் வெல்லப்பாகைக் கொட்டினால் என்ன ஆகும்? இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துப்போகும். இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது அது கொல்லாஜனில் போய் மெல்ல ஒட்டிக்கொண்டு இழைகளைப் பிணைக்கிறது. வயதானால் எல்லோருக்கும் இது கொஞ்சம் நடக்கும். சர்க்கரை நோயில் விரைவாக நடக்கும். குழாய்கள் விறைக்கின்றன. நரம்புக்கு உணவு கொண்டுபோகும் நுண்குழாய்கள் பழுதாகின்றன. நரம்புகளும் நேரடியாகவே கெடுகின்றன. மிக நீண்ட நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை. ஆகையால் பாதமே முதலில் உணர்ச்சி இழக்கிறது. ஒட்டிய இழைகளை அறுத்துவிடும் மருந்து கிடைக்குமா என்றும் தேடினார்கள். ஒன்று மனிதர்களிடம் சோதனை வரை வந்து நின்றுபோயிற்று. ஒட்டிய பின் பிரிப்பது அவ்வளவு கடினம்.

சரி, கிட்னியைத் தின்னும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அது முழுவதும் கற்பனையன்று என்பதை அறிந்து நாங்கள் வியந்தோம். மெட்ஃபார்மினுக்கு ஃபென்ஃபார்மின் என்றோர் அண்ணன் இருந்தது. அதைச் சாப்பிட்டவர்கள் சிலருக்கு இரத்தத்தில் லாக்டிக் அமிலம் மிகுந்து உயிருக்கே ஆபத்தாயிற்று. எனவே 1970களின் இறுதியில் அமெரிக்காவிலும் வேறு பல நாடுகளிலும் அதை நிறுத்திவிட்டனர். இந்தியா 2003 இல் தடை செய்தது. அண்ணன் செய்த பிழைக்குத் தம்பியும் பழி சுமக்கிறது. மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. ஆனால் அது உடம்பிலிருந்து வெளியேறும் வழி சிறுநீரகமே. வேறொரு காரணத்தால் சிறுநீரகம் கெட்டிருந்தால் மருந்து உடம்பில் தேங்கும். அதனால்தான் மருத்துவர்கள் ஆண்டுதோறும் இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு பார்த்து, வடிகட்டும் திறன் 45க்குக் கீழ் வந்தால் மாத்திரையைக் குறைக்கிறார்கள்; 30க்குக் கீழ் வந்தால் நிறுத்துகிறார்கள். "சிறுநீரகம் கெட்டவருக்கு நிறுத்தினார்கள்" என்பது, வாய்மாறி வாய்மாறி, "சாப்பிட்டதால் சிறுநீரகம் கெட்டது" என்று ஆகிவிட்டது! சிறுநீரகத்தை உண்மையில் தின்பது மாத்திரையன்று, கட்டுப்படாத சர்க்கரையும் இரத்தக் கொதிப்புமே. மெட்ஃபார்மினால் வரும் தொல்லை பெரும்பாலும் வயிற்றோடு சரி. நெடுநாள் உட்கொள்வோர்க்கு பி12 வைட்டமின் குறையலாம்.

சிறுநீரகத்தைக் காக்கும் சர்க்கரை மாத்திரையே இப்போது வந்துவிட்டது என்றால் அடுத்த வீட்டு ஆச்சி நம்புவாரா? ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835 இல் ஃபுளோரிசின் என்ற பொருளைப் பிரித்தார்கள். அது சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றியது. அதன் இலக்கு சிறுநீரகக் குழலில் உள்ள ஒரு புரதம். வடிந்துபோகும் சர்க்கரையை மீட்டு உள்ளே அனுப்புவது அதன் வேலை. அதைத் தடுக்கும் புதிய மருந்துகளுள் ஒன்று டாபாகிளிஃப்ளோசின். சர்க்கரை நோய் இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் அது சிறுநீரகச் சீர்கேட்டைக் குறைத்தது என்று 2020 இல் வந்த ஆய்வு காட்டியது. அதே ஆண்டில் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்தமையால் பல கம்பெனிகள் செய்யத் தொடங்கி, விலை வெகுவாக இறங்கிற்று. ஒரே இலக்கு, சர்க்கரைக்கும் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் உதவுகிறது. பொதுவான வேரைத் தேடியவர்கள் நினைத்ததும் இதைப் போன்றதைத்தானே!

எங்களுக்கு மிகவும் மகிழ்ச்சி தந்த செய்தியை இனிச் சொல்கிறோம். கணக்கப்பிள்ளையை எழுப்ப மாத்திரை மட்டுமே வழியன்று. நடந்தாலும் அவர் எழுந்துவிடுகிறார்! தசை உழைக்கும்போது ஆற்றல் செலவாகிறது, ஏ.எம்.பி.கே. விழிக்கிறது; இன்சுலினை எதிர்பாராமலே தசை தன் கதவுகளைத் திறந்து இரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இது வெறும் ஏட்டுச் செய்தியா என்றால், இல்லை. சென்னையில் மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்த ஆய்வு 2006 இல் வெளியாயிற்று. சர்க்கரை நோயின் வாசற்படியில் நிற்கும் 531 பேரை நான்கு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்குப் பொதுவான அறிவுரை மட்டும். ஒரு பிரிவுக்கு நாள்தோறும் அரை மணி நேரமாவது நடையும் உணவுக் கட்டுப்பாடும். ஒரு பிரிவுக்கு மெட்ஃபார்மின். நான்காம் பிரிவுக்கு இரண்டும். மூன்றாண்டு முடிவில் முதற்பிரிவில் நூற்றுக்கு 55 பேர் நோயாளிகளாகிவிட்டனர். நடந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 39 பேர். மாத்திரை சாப்பிட்டவர்களில் ஏறத்தாழ 40 பேர். இரண்டும் செய்தவர்களிலும் அதே 40 பேர்தான்!

நடையும் மாத்திரையும் இங்கே சமமாக நின்றன. இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் பயன் கிடைக்கவில்லை. இரண்டும் ஒரே கதவைத் தட்டுகின்றன போலும் என்று நாங்கள் எண்ணினோம். சிஸ்டர் "அது உங்கள் ஊகம், ஆய்வு அப்படிச் சொல்லவில்லை" என்று சிவப்பு மையால் எழுதிவிட்டார். அமெரிக்காவில் 2002 இல் வந்த பெரிய ஆய்விலோ, அறுபது வயதைக் கடந்தோரிடம் நடையும் உணவும் மாத்திரையை மிக எளிதில் வென்றன. நோய் வரும் வாய்ப்பு 71 விழுக்காடு குறைந்தது. இவையெல்லாம் நோய் வருமுன் தடுப்பது பற்றியவை என்பதை மறக்கலாகாது. அப்பத்தாவைப் போல நோய் வந்துவிட்டவர் "நான் நடக்கிறேனே" என்று மாத்திரையை விடுவதற்கு இதில் இடமில்லை. நோயே இல்லாத இளைஞர் "ஆயுள் கூடும்" என்று மெட்ஃபார்மின் விழுங்குவதற்கும் இடமில்லை. உடற்பயிற்சி செய்யும் நலமான முதியவர்களுக்கு மெட்ஃபார்மினும் சேர்த்துக் கொடுத்தபோது, பயிற்சியால் தசை பெருகும் பயன் குறைந்தது என்று 2019 இல் கண்டிருக்கிறார்கள்.

2023 இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். வாசற்படியில் நிற்போர் 13 கோடிக்கு மேல். இவ்வளவு பேர் அஞ்சி நிற்கும்போது விற்பவர்கள் சும்மா இருப்பார்களா? 'இளமை திரும்பும்', 'செல் புதுப்பிக்கும்' என்று பொடிகளும் குளிகைகளும் வருகின்றன. ஓர் எடுத்துக்காட்டு மட்டும் சொல்கிறோம். பிரிவதை நிறுத்தியும் சாகாமல் தங்கி, சுற்றியுள்ளவற்றுக்கு அழற்சி மூட்டும் முதிர்ந்த உயிரணுக்கள் நம் உடம்பில் சேர்கின்றன. 2011 இல் எலிகளிடம் அவற்றை நீக்கியபோது முதுமைச் சிதைவுகள் பிந்தின. அவற்றை நீக்குவதற்குச் சோதிக்கும் பொருள்களுள் ஒன்று குவெர்செட்டின். அது வெங்காயத்தில் இருக்கிறது. உடனே "சின்ன வெங்காயம் முதுமையை நீக்கும்" என்று எழுதிவிடுகிறார்கள். சோதனையில் அதைக் கொடுப்பது பெரிய அளவில், ஒரு புற்றுநோய் மருந்தோடு சேர்த்து. குழம்பு வெங்காயம் குழம்புக்கு நல்லது, அவ்வளவுதான். சிதம்பரத்தில் பிறந்து, 2009 இல் நோபெல் பரிசு பெற்ற வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன், நாம் ஏன் இறக்கிறோம் என்பதைப் பற்றி 2024 இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். முதுமை ஆய்வில் உண்மை எது, மிகைப்படுத்தல் எது என்று பிரித்துக் காட்டும் நூல் அது. எங்கள் நூலகத்துக்கு வாங்கித் தரும்படி கேட்டிருக்கிறோம்.

இவ்வளவும் எழுதி முடித்துச் சென்ற மாதம் மீண்டும் கொத்தமங்கலம் போய் அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டினோம். டாருக்கும் கொல்லாஜனுக்கும் கொட்டாவி விட்டார். கணக்கப்பிள்ளை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய மாமனார் ரங்கூனில் கடை வைத்திருந்தபோது ஒரு கணக்கப்பிள்ளை இருந்தாராம். ஒரு தம்படி வீணாக விடமாட்டாராம். "அப்ப அவரு எனக்குள்ளயும் இருக்காராக்கும்! நான் மாத்திரைய நிப்பாட்டினப்ப அவரு தூங்கிட்டாரு, அதானே ஆத்தா?" என்று கேட்டார். ஏறக்குறைய அதுதான் என்றோம்.

புண் ஆறிவிட்டது. மருத்துவர் நடக்கலாம் என்று சொல்லி, மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்குள்ளும் அதைப் போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும். முதலில் "வளவுக்குள்ள செருப்பா?" என்று முகம் சுளித்தவர் இப்போது இணங்கிவிட்டார். இரவில் தோழி கண்ணாடியைப் பாதத்தடியில் பிடித்துப் பார்க்கிறாள். மாலையில் அப்பத்தா வளவைச் சுற்றி இருபது சுற்று நடக்கிறார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புளியங்கொட்டையைத் தட்டில் போட வேண்டுமென்பது ஏற்பாடு. நேற்று தோழி எண்ணிப் பார்த்தபோது பதினெட்டுத்தான் இருந்ததாம். இரண்டைப் பல்லாங்குழிக்கு எடுத்துவிட்டேன் என்கிறாராம் அப்பத்தா.